படகுக்குப் பல் அடைத்தவர்

1

இந்தக் கதை என் வாய்க்குள் தொடங்கியது. அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. கீழ்வரிசை, இடது பக்கம், கடைசிக்கு முந்தைய பல். வேர்க்கடலைக்குள் ஒளிந்திருந்த ஒரு கல் அதில் கால்வாசியைக் கொண்டுபோய்விட்டது.

என் பல் டாக்டர் தொழிலை நிறுத்திச் சில மாதங்கள் ஆகியிருந்தன. தொலைபேசியில் கெஞ்சினேன். “ஊர்ல எனக்கு அப்புறம் பல் டாக்டரே பொறக்கலையா?” என்று அலுத்துக்கொண்டே வந்து, பூட்டிக் கிடந்த கிளினிக்கைத் திறந்தார். நாற்காலி மேல் கிடந்த போர்வையை உதறினார். அவர் விரல்களில் சாம்பல் நிறப் பிசின் காய்ந்து ஒட்டியிருந்தது. நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

“பயப்படாதீங்க. இது படகுக்கு. உங்களுக்கு வேற.”

அடுத்த ஒரு மணி நேரம் என் வாயில் பஞ்சும் உறிஞ்சுகுழாயும் இருந்தன. அவர் வாயில் படகு இருந்தது. எண்பது வயதான உல்லாசப் படகு. முழுக்க மரம், இரட்டை மோட்டார். மைத்துனர் தேடிப் பிடித்துக் கொடுத்தது. ஆற்று முகத்துவாரத்துப் பட்டறையில் கட்டைகள் மேல் ஏறி நின்று, பல வருடமாகத் தண்ணீரையே பார்க்காமல் காய்ந்துகொண்டிருந்தது. அதை அவர் தன் கையாலேயே சரிசெய்துகொண்டிருக்கிறார். முடிந்ததும் மனைவியை ஏற்றிக்கொண்டு முகத்துவாரத்தைத் தாண்டி ஒரு சுற்றுப் போய் வர வேண்டும். அவ்வளவுதான் ஆசை. மனைவி போட்டது ஒரே நிபந்தனை: “ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வந்தாலும் நான் ஏற மாட்டேன்.”

ஏன் அப்படிச் சொன்னார் என்று கேட்டேன். வெளியே வந்தது “ஆங் ஆங் ஆ?”

“வலிக்குதா?” என்றவர் இன்னும் கொஞ்சம் பஞ்சு வைத்தார்.

ஆகவே வாசகரே, இதில் எனக்கு உறுதியாகத் தெரிந்ததெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு கேட்டது. மற்ற இடங்களை நானே அடைத்திருக்கிறேன்.

2

ஆரம்பத்தை மூன்று முறை எழுதினேன். கிழித்துப் போடாமல் இங்கேயே விடுகிறேன்.

கடல் அன்று அமைதியாக இருந்தது. தொடுவானத்தில் வெள்ளையாக ஒரு

(கதையில் இதுவரை கடலே வரவில்லை. அவசரப்படாதே.)

படகு என்பது வெறும் மரமும் இரும்பும் அல்ல. அது மனிதனின்

(இதை எழுதிய ஆளை எனக்குத் தெரியும். அவன் கையில் பேனா கொடுக்கக் கூடாது.)

டாக்டர் படகின் அடியில் மல்லாந்து படுத்து, நெற்றி விளக்கைப் போட்டு, “ஆ காட்டு” என்றார்.

(இது இருக்கட்டும்.)

படகு காட்டியது. பலகைக்கும் பலகைக்கும் நடுவே தீக்குச்சி நுழையும் அளவுக்கு இடுக்கு. முன்முனையிலிருந்து பின்பக்கம் வரை, இரண்டு பக்கமும், வரிசை வரிசையாக. அவர் வாழ்நாள் முழுவதும் பார்த்துப் பழகிய காட்சி. இடுக்கு என்றால் சொத்தை. சொத்தை என்றால் சுரண்டு, கழுவு, காயவை, அடை, தேய், மெருகேற்று. வேறு வழி இருக்கக்கூடும் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

கிளினிக்கில் இருந்த கருவிகள் ஒவ்வொன்றாகப் பட்டறைக்கு வந்தன. வாய்க்கண்ணாடி, கொக்கி ஊசிகள், காலால் அழுத்தினால் ஓடும் டிரில். பலகைகளுக்கு ‘மேல் வலது நான்கு’, ‘கீழ் இடது ஆறு’ என்று சாக்பீஸில் எண் போட்டார். ஒவ்வொரு பலகையையும் கொக்கியின் பின்புறத்தால் தட்டிவிட்டு, பழக்கதோஷத்தில் பதிலுக்குக் காத்திருந்தார்.

மைத்துனர் தேநீர் ஃபிளாஸ்கோடு வந்து ஒரு டயர் மேல் உட்கார்ந்துகொள்வார்.

“மாமா, எக்ஸ்ரே எடுக்கலையா?”

“நேத்தே எடுத்தாச்சு மச்சான். மேல் வலது ஒம்பதுல ஒரு ஆணி மடங்கியிருக்கு.”

“நான் கிண்டலுக்குக் கேட்டேன்.”

“நான் கிண்டல் பண்ணல.”

மழை வரும்போல் இருந்த ஒரு மாலை, அன்று அடைத்த இடம் நனைந்துவிடக் கூடாதென்று, முன்முனைக்குக் கீழே நோயாளிகளுக்குக் கட்டும் காகிதத் துண்டைக் கட்டிவிட்டார். கிரேன் ஓட்டுபவர் அதைப் பார்த்து வண்டியை நிறுத்தினார்.

“டாக்டர் சார், ஏதாச்சும் பிரச்சனையா?”

“ஒண்ணுமில்ல. கொஞ்சம் வீக்கம் இருக்கும். ரெண்டு நாள்ல சரியாயிடும்.”

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: இந்த வசனம் பின்னால் எங்கே கொண்டுபோய் விடும் என்று எழுதும்போது எனக்குத் தெரியாது. தெரிந்தே வைத்ததாக நினைத்து யாரும் பாராட்ட வேண்டாம்.]

அடைத்த பிசின் ஒரே இரவில் கல்லாக இறுகியது. சுத்தியலால் அடித்தால் சுத்தியல் எகிறியது. டாக்டருக்கு அதில் அப்படி ஒரு பெருமை.

3

படகுக்கு என்ன நிறம் பூசினார் என்று எழுத வேண்டியிருந்தது. அதற்காக நூலகத்தில் மரப்படகு பராமரிப்பு பற்றிய கையேடு ஒன்றை எடுத்தேன். நிறம் கிடைக்கவில்லை. வேறொன்று கிடைத்தது.

மரப்படகு கரையில் கிடந்தால் பலகை சுருங்கும், இடுக்கு விரியும். திரும்பத் தண்ணீரில் இறக்கினால் முதல் ஓரிரு நாள் ஒழுகித் தள்ளும். ஒழுகத்தான் வேண்டும். பலகை நீரைக் குடித்து ஊறி, ஒன்றையொன்று நெருங்கி, இடுக்கு தானாகவே மூடிக்கொள்ளும். அதனால் அதில் பஞ்சுத் திரியும் மெத்தென்ற பசையும் தவிர எதையும் வைக்கக் கூடாது. கல்லாக இறுகும் ஒன்றை வைத்தால் ஊறும் பலகைக்கு நகர இடமிருக்காது. பக்கத்துப் பலகையைத் தள்ளும். அது அடுத்ததைத் தள்ளும். கடைசியில் உள்ளே இருக்கும் விலாக்கட்டைகள் ஒவ்வொன்றாக முறியும்.

பல் ஊறாது. பலகை ஊறும்.

கையேட்டை மூடினேன். அதற்குள் நான் டாக்டரை மேல் இடது பன்னிரண்டு வரை கொண்டுபோயிருந்தேன்.

நிலைமை இதுதான்: ஒரு சொட்டும் வராதபடி அடைத்த படகு உடையும். உடையாத படகு ஒழுகும். ஒழுகினால் மனைவி ஏற மாட்டார். மனைவி ஏறாவிட்டால் டாக்டருக்குப் படகு எதற்கு?

நிஜ டாக்டருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. படகின் அடியில் படுத்திருப்பவர் எப்படி எடுப்பார்?

4

யாரையாவது கதைக்குள் அனுப்பிச் சொல்ல வேண்டும். முதலில் வந்தவர் இவர்:

வயதான தச்சர் ஒருவர் பட்டறை வாசலில் வந்து நின்றார். பீடியை அணைத்துவிட்டுப் படகை ஒரு முறை தடவிப் பார்த்து, மெல்ல, “தம்பி, மரம்கிறது

நிறுத்தினேன். இவரை நான் நிறையக் கதைகளில் பார்த்திருக்கிறேன். எங்கிருந்தோ வருவார், தடவுவார், இரண்டு வாக்கியம் சொல்வார். படித்தவன் தலைகுனிவான், இவர் புகைக்குள் மறைவார். மன்னிப்புக் கேட்டு, தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பி வைத்தேன். “பரவால்ல, அடுத்த கதையில பாக்கலாம்” என்றார். அவருக்கு வேலைக்குப் பஞ்சமில்லை.

கிரேன்காரரை அனுப்பலாம் என்றால், அவர் அன்றைக்குப் படகின் மேல்தளத்தில் படுத்து டாக்டரிடம் ஒரு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். வாய் நிறையப் பஞ்சு. மைத்துனர் சொன்னால், கிண்டல் என்று நினைத்து டாக்டர் இன்னும் இரண்டு பூச்சு சேர்த்துப் பூசுவார்.

மிச்சம் மனைவி.

5

அவரைப் பற்றி முதல் பிரதியில் இப்படி எழுதியிருந்தேன்: “அவருக்குச் சிறு வயதிலிருந்தே தண்ணீர் என்றால் பயம்.” நிபந்தனைக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. பயம் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. எடுத்து அடைத்தேன். பார்வைக்கு நன்றாகவே இருந்தது.

ஆனால் பல் டாக்டர் நாற்காலியில் படுத்தவனுக்குத் தெரிவது இரண்டுதான்: கூரை, எதிர்ச்சுவர். எதிர்ச்சுவரில் ஒரு புகைப்படம் மாட்டியிருந்தது இப்போது நினைவுக்கு வருகிறது. நீச்சல் குளத்தின் விளிம்பில், கழுத்தில் விசிலோடு ஒரு பெண். சுற்றிலும் பதக்கம் போட்ட ஈரத்தலைப் பிள்ளைகள். டாக்டர் டிரில்லாலேயே அதைச் சுட்டி, “நம்ம வீட்டு கோச்” என்றாரே.

நகராட்சி நீச்சல் குளத்தில் பாதி ஊருக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவர். தண்ணீருக்குப் பயந்தவராம்! நான் அடைத்தது கையோடு வந்துவிட்டது.

அப்படியானால் எதற்கு அந்த நிபந்தனை?

கிளினிக்கை மூடிய முதல் வாரத்தை யோசித்துப் பார்த்தேன். சாப்பாட்டு மேசை.

“கோச், நீ இடது பக்கம் மெல்லவே மாட்டேங்கிற. கவனிச்சியா?”

“சாப்பிடும்போது என் வாயையே பாக்காதீங்க.”

“பாக்கல. சத்தத்த வச்சுச் சொல்றேன்.”

சமையலறைக் கரண்டிகளை அளவுவாரியாக எவர்சில்வர் தட்டில் அடுக்கி, மேலே வெள்ளைத் துணி போட்டு மூடினார். சிலிண்டர் கொண்டுவந்தவரிடம் ஏதோ ஜோக் சொல்லிச் சிரிக்க வைத்து, வாய்க்குள் எட்டிப் பார்த்து, பயமுறுத்தி அனுப்பினார். அதற்குப் பிறகு சிலிண்டர் வாசலிலேயே இறங்கியது. அந்த வாரக் கடைசியில்தான் மைத்துனர் படகைப் பற்றிச் சொன்னார். கோச் மறுபேச்சில்லாமல் சரி என்றார். வீடு அமைதியானது. டாக்டர் பட்டறையிலிருந்து ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு திரும்பி வந்து, களைத்துப் படுத்து, குறட்டை விட்டார். இது முடிந்துவிடக் கூடாதே என்று கோச்சுக்குத் தோன்றியிருக்க வேண்டும். எண்பது வயது மரப்படகுக்குள் ஒரு சொட்டுகூட வரக் கூடாது என்றால், எந்தக் காலத்தில் முடியும்?

டாக்டர் அதைச் செய்து முடித்துவிடுவார் என்று மட்டும் அவர் எதிர்பார்க்கவில்லை.

6

கிரேனுக்குச் சொல்லியாகிவிட்டது. மறுநாள் காலை படகு இறங்குகிறது. டாக்டர் கோச்சை மத்தியானமே பட்டறைக்குக் கூட்டி வந்தார். படகின் மேல் தரைவரை தார்ப்பாய் தொங்கியது. உள்ளே கேபினில் பெரிய விளக்கு எரிந்தது.

“வெளியில இருந்து பாரு. எங்கயாவது ஒரு பொட்டு வெளிச்சம் வருதா?”

கோச் தார்ப்பாய்க்குள் குனிந்து படகை ஒரு சுற்றுச் சுற்றினார். கும்மிருட்டு. கையால் தடவினார். அடைத்த இடமெல்லாம் வழவழவென்றிருந்தது. நகத்தால் கீறினார். நகம் வழுக்கியது.

“மரம் ஊறினா எங்கங்க போகும்?”

“எங்க போகும்னா?”

“எங்க குளத்துல உடை மாத்துற ரூம் கதவு இருக்குல்ல? வெயில் காலத்துல கடகடன்னு ஆடும். ஆடுதேன்னு ஒருத்தர் ஓரம் பூரா சிமெண்ட் மாதிரி எதையோ வச்சு இழைச்சு விட்டார். மழை வந்துச்சு. கதவு உப்பி, நிலையையே பொளந்துடுச்சு. உள்ள மாட்டின பொண்ண ஜன்னல் வழியா இறக்கினோம்.”

டாக்டர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. வாய்க்கண்ணாடியை எடுத்து ஒரு இடுக்கின் ஓரத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

“இத்தன வருஷத்துல என் ஃபில்லிங் ஒண்ணுகூடக் கழண்டதில்ல கோச்.”

“அதாங்க பிரச்சனை.”

“எடுத்தா ஒழுகும்.”

“ஒழுகட்டும்.”

“ஒரு சொட்டு வந்தாலும் ஏற மாட்டேன்னியே.”

கோச் தார்ப்பாயின் ஓரத்தை மடித்தார். விரித்தார். மறுபடி மடித்தார்.

“அது நீங்க வீட்டுல கரண்டி அடுக்கினதப் பாத்துட்டுச் சொன்னது.”

டாக்டர் வாய்க்கண்ணாடியைக் கருவித் தட்டில் வைத்தார்.

“அப்ப நான் இதை முடிச்சிருக்கவே கூடாதா?”

“முடிச்சிட்டு வீட்டுக்கு வந்தா என் வாய்க்குள்ளதான வேலை பாப்பீங்க.”

“நான் ஒவ்வொண்ணையும் உனக்காகத்தான் அடைச்சேன்.”

(இங்கே ஒரு பெரிய பத்தி இருந்தது. டாக்டர் மனதில் ஓடியதையெல்லாம் விளக்கியது. எடுத்துவிட்டேன். இடம் காலியாகவே இருக்கட்டும்.)

கோச் தட்டிலிருந்து ஒரு கொக்கி ஊசியை எடுத்தார். கீழ் இடது ஆறின் ஓரத்தில் குத்தி நெம்பினார். கடுகளவு பெயர்ந்தது.

“ஐயோ, அப்படிப் பிடிக்கக் கூடாது.”

“அப்ப எப்படின்னு சொல்லிக் குடுங்க.”

“ஒழுகுற படகுல ஏறுவியா நீ?”

“ஒழுகாத படகுல நான் எதுக்குங்க? ஒழுகுறதுலதான் நீச்சல் தெரிஞ்ச ஆளு வேணும். உங்களுக்கு நீச்சலும் தெரியாது. கல்யாணமான நாள்ல இருந்து கத்துக்கோங்கன்னு தலையால தண்ணி குடிக்கிறேன், கேட்டீங்களா?”

டாக்டர் அவர் கையைப் பிடித்து, ஊசி நிற்க வேண்டிய கோணத்தைத் திருத்தினார்.

7

கைவசம் இரண்டு முடிவுகள் இருந்தன.

ஒன்றில் டாக்டர் கேட்கவில்லை. இறக்கிய அன்று சாயங்காலம் படகுக்குள்ளிருந்து முதல் விலா ‘டக்’ என்று முறிகிறது, பிறகு அடுத்தது, கடைவாயில் கல்லைக் கடித்த மாதிரி. எழுதியும் பார்த்தேன், நன்றாகவே வந்தது. ஆனால் அந்தச் சத்தம் எனக்குப் பழக்கமானது, என் பல்லைச் சரிசெய்தவருக்கு அதைக் கொடுக்க மனம் வரவில்லை. இன்னொன்றில் ஒரு சொட்டும் ஒழுகாமல் படகு அந்திச் சூரியனை நோக்கி

(கையேடு இதை அனுமதிக்காது.)

ஆகவே கிரேன்காரர் வந்து வந்து திரும்பினார். கணவனும் மனைவியும் எல்லாவற்றையும் தோண்டி எடுத்தார்கள். பஞ்சுத் திரியும் மெத்தென்ற பசையும் வைத்தார்கள். பஞ்சு வைப்பதில் டாக்டரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒருநாள் காலை, கிரேனின் இரண்டு பட்டைகளில் தொங்கியபடி படகு காற்றில் எழுந்து, ஆற்றில் இறங்கியது.

உடனே ஒழுக ஆரம்பித்தது. மேல் வலதைத் தவிர எல்லாப் பக்கமும். இருவரும் ஏறினார்கள். டாக்டர் நீச்சல் குளத்துப் பிள்ளைகள் போடும் ஆரஞ்சு மிதவைச் சட்டையை மாட்டியிருந்தார். பொத்தான் எட்டவில்லை. கரையில் மைத்துனர், “மாமா, கொப்பளிச்சுத் துப்பச் சொல்லுங்க!” என்று கத்தினார். ஒரு இடுக்கிலிருந்து நீர் பீறிடுவதைப் பார்த்து டாக்டரின் விரல் தானாக அதை அடைக்கப் போனது. கோச் அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

தண்ணீர் கணுக்கால் வரை வந்துவிட்டது. ஊறி மூடிக்கொள்ள ஓரிரு நாள் ஆகும் என்கிறது கையேடு. ‘மிகப் பழைய படகுகளில் மூடாமலும் போகலாம்’ என்பது அடுத்த வரி. இது மூடுமா, டாக்டர் முகத்துவாரத்தைத் தாண்டுவாரா, அதற்குப் பிறகு வீட்டில் என்ன செய்வார், எதுவும் எனக்குத் தெரியாது. இந்த முறை அடைக்கப் போவதில்லை.

கோச் குனிந்து மொண்டு மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார். சட்டென்று நிமிர்ந்து, இன்னொரு வாளியை எடுத்து என் பக்கமாக நீட்டினார்.

“வேடிக்கை பாத்துட்டே நிக்காதீங்க. இந்தாங்க, பிடிங்க.”

யாரைச் சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் நீங்கள்தான் நின்றுகொண்டிருந்தீர்கள்.