தனி வாளி

தாள் ரோசித்சாவை நெருங்கிக்கொண்டிருந்தது. லுப்லியானா நகரத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்கான மொழி வகுப்பில் மோய்ட்சா டீச்சருக்கு அன்று ஒரு யோசனை. ஒவ்வொரு இனத்தாரைப் பற்றியும் ஊர் என்ன பேசுகிறதோ அதை ஒளிக்காமல் எழுதுங்கள், இடைவேளைக்குப் பிறகு கிழித்தெறிவோம் என்று ஒரு பெரிய தாளைச் சுற்றில் விட்டிருந்தார். இத்தாலிக்காரர்கள் கத்துவார்கள், ஜெர்மன்காரர்கள் சிரிக்க மாட்டார்கள் என்று வகுப்பு கும்மாளமாகத்தான் இருந்தது. யாரோ 'ஜிப்சிகள்' என்று எழுதி, கீழே 'அழுக்கு' என்று சேர்த்த பிறகு ரோசித்சாவால் கூடச் சேர்ந்து சிரிக்க முடியவில்லை. பல்கேரியாவில் அவள் பிறந்து வளர்ந்தது ஊர் 'ஜிப்சி' என்று சொல்லும் ரோமாக்காரர்களின் குடியிருப்பில். இங்கே அது ஒருவருக்கும் தெரியாது. நிறத்தைப் பற்றிக் கேட்டவர்களிடம் கடற்கரை வெயில் என்று சொல்லி வைத்திருந்தாள்.

"அழுக்குன்னா இவளுக்கு ஆகவே ஆகாது," என்று அவள் தோளில் கைபோட்டாள் அறைத்தோழி ஃபெதெரிகா. "தட்டு தொடைக்கிற துணிய என் சாக்ஸோட மெஷின்ல போட்டுட்டேன். கொலைகாரியப் பாக்குற மாதிரி பாத்தா! துணியக் குப்பையிலயே வீசிட்டா. அதத் தொவைக்கத் தனி வாளி வேற வச்சிருக்கா மகாராணி!"

எல்லோரும் சிரித்தார்கள். எதிரே இருந்த ஸ்லோவாக்கியப் பையன் மாரோஷ் மட்டும் சிரிக்கவில்லை.

"எங்க ஊர் ஓரத்துலயும் சில வீட்டுல இப்படித்தான்," என்றான், அவளையே பார்த்தபடி. தட்டுத் துணியை உடுப்போடு சேர்த்துத் துவைக்காதது ரோமா வீட்டு வழக்கம்; அவனுக்கு அது தெரிந்திருக்கிறது.

"யாரு வீட்டுல?" என்றாள் ஃபெதெரிகா.

அவன் வாய் திறப்பதற்குள் ரோசித்சா தாளைப் பிடுங்காத குறையாக இழுத்துக்கொண்டாள். தெரிந்துவிட்டால் நாளைக்கே ஃபெதெரிகாவின் அலமாரியில் ஒரு பூட்டு தொங்கும். பள்ளிக்கூடத்தில் ஒரு தடவை இப்படிப் பட்டாயிற்று, இன்னொரு தடவை தாங்காது. 'அழுக்கு'க்குக் கீழே 'திருடர்கள்' என்று எழுதினாள். அம்மாவின் முகம் வந்தது. அதை விரட்டினாள்.

"அட, கையெழுத்து முத்து முத்தா இருக்கே!" என்றார் எட்டிப் பார்த்த டீச்சர்.

மாரோஷ் தலையைக் குனிந்துகொண்டான். இனி சொல்லமாட்டான் போலிருந்தது. ஆனால் அவனுக்குத் தெரிந்துவிட்டது; அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது.

இடைவேளை விட்டார்கள். ஃபெதெரிகா தன் கைப்பையை மூடாமலே தூக்கி ரோசித்சாவின் மடியில் வைத்தாள்.

"இதப் பாத்துக்கோடி, பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்."

பர்ஸ் மேலாகவே கிடந்தது. வகுப்பு காலியாகிக்கொண்டிருந்தது. ரோசித்சா இரண்டு கைகளையும் மேசைமேல் எல்லோருக்கும் தெரியும்படி விரித்து வைத்துக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.