கையால் கிழித்த துணி

மியூசியம் வாசலிலேயே அதியா கறாராகச் சொல்லிவிட்டாள்.

"அம்மா, உள்ள வந்து மையித்து குளிப்பாட்டுற கதை எதுவும் எடுக்கக் கூடாது. ஆமா."

காத்தூன் சரியென்று தலையாட்டினாள். ஒன்பது வயது மகளுக்குப் பயப்படும்படி ஆகிவிட்டதே என்று சிரிப்பும் வந்தது, நெஞ்சும் வலித்தது.

விஷயம் இதுதான். கிருஷ்ணகிரியில் அவர்கள் தெருவில் எந்தப் பெண் இறந்தாலும், குளிப்பாட்டி, வெள்ளைக் கபன் துணியைக் கையாலேயே கிழித்துச் சுற்றி அனுப்பி வைப்பது காத்தூன்தான். அது பெரிய நன்மை என்று ஊரே சொல்லும். அதே கையால் ஒரு டம்ளர் தண்ணீர் நீட்டினால் மட்டும் ஊருக்குத் தாகம் போய்விடும். பெரியவர்கள் இதை நாசூக்காகச் செய்தார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு நாசூக்கு ஏது? 'பொணம் தொட்ட கை' என்று அதியாவின் டிபன் பாக்ஸைத் தள்ளி வைத்துவிட்டார்கள். மூன்று வாரமாக அவள் அம்மாவிடம் தலை பின்னிக்கொள்வதில்லை. சீப்பை எடுத்துக்கொண்டு சின்னம்மா வீட்டுக்கு ஓடிவிடுகிறாள். காத்தூனும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே.

எகிப்து நாட்டுப் பழைய சாமான்களைக் குடும்பத்தோடு வந்து தொட்டுப் பார்க்கலாம் என்று பள்ளியில் சீட்டு கொடுத்திருந்தார்கள். அத்தா கௌஸ் மொய்தீனுக்கு ஓசூர் கம்பெனியில் ஞாயிற்றுக்கிழமையும் ஷிப்ட். வேறு வழியில்லாமல்தான் அதியா அம்மாவைக் கூட்டி வந்திருந்தாள்.

மெட்ராஸிலிருந்து வந்திருந்த சரோஜம்மாள் என்ற அதிகாரி, மேஜையில் நீல மணிகள், மண் பொம்மை, விரல் நுனி அளவுக்கு ஒரு கல் வண்டு எல்லாம் பரப்பியிருந்தார். கை கழுவியவர்கள் எடுத்துப் பார்க்கலாம். ஓசூரிலிருந்து பெண்டாட்டி பிள்ளையோடு வந்திருந்த திம்மராயன், வண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பினிஷிங் சூப்பருங்க மேடம். எந்த மிஷின்ல ஓட்டுனாங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். அதியாவும் சிரித்தாள். காத்தூன் மட்டும் கைகளை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு பின்னால் நின்றாள்.

கடைசியாக ஒரு தட்டில் பழுப்பேறிய துணிப் பட்டை வந்தது.

"இது ஒரு சின்னப் பொண்ணோட உடம்புல சுத்தியிருந்தது. மூவாயிரம் வருஷம் ஆச்சு," என்றார் சரோஜம்மாள்.

"அய்யய்யோ, பொணத்துத் துணியா!" திம்மராயன் மனைவி சென்னம்மா பிள்ளையை இழுத்துக்கொண்டு ஒதுங்கினாள். ஒரு நொடியில் தட்டைச் சுற்றி ஆளில்லை.

அதிகாரி அசரவில்லை. "ஓரத்தைப் பாருங்க. இதை எதால வெட்டியிருப்பாங்க?"

"கத்தரியே படலிங்க. கையால கிழிச்சது."

சொன்ன பிறகுதான் காத்தூன் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"கரெக்ட்! உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

எல்லா முகமும் திரும்பியது. அதியா தரையைப் பார்த்தாள். காத்தூனுக்குப் பொய் வராது. மகளுக்காக வரவழைத்தாள்.

"நான் டைலருங்க. துணிய பாத்தா தெரியும்."

அதியா தலை நிமிர்ந்தாள். தப்பித்த முகமாக இருந்திருக்க வேண்டும், அப்படி இல்லை. அவள் அம்மாவையே பார்த்தாள். பிறகு தட்டருகே போய் ஒற்றை விரலால் துணியைத் தொட்டாள்.

"இந்தப் பாப்பாவுக்கு அவங்கம்மாதான் சுத்தி உட்டாங்களா?"

கேள்வி அதிகாரிக்கு இல்லை, அம்மாவுக்கு. காத்தூன் குனிந்து, மகளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"பெத்தவளுக்குக் கை ஓடாது கண்ணு. வேற ஒருத்திதான் செய்யணும். தூங்குற புள்ளய தொடற மாதிரி, மெதுவா."

அதியா சரோஜம்மாள் பக்கம் திரும்பினாள்.

"மேடம், எங்கம்மா டைலர் இல்ல. அந்த வேற ஒருத்தி."

கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படித்தான் சொன்னாள்.