மேல் எது, கீழ் எது

கைக்குழந்தையாக இருந்தபோது வந்த மூளைக் காய்ச்சல் மகிழினியின் இரண்டு காதுகளையும் கொண்டுபோனது. காதுக்குள் கருவி பொருத்திப் பேச்சும் வந்துவிட்டது. ஆனாலும் இருட்டினால் தடுமாறி விழுவாள். அதற்காகத்தான் ராயபுரம் ஆஸ்பத்திரியில் இந்தச் சமநிலைச் சோதனை. அவளுடைய அப்பா கோதண்டத்துக்கு இதில் நம்பிக்கையே இல்லை.

"பயந்தாங்கொள்ளி மேடம் இவ. ஞாயித்துக்கெயம என் தம்பி படகுலேர்ந்து முகத்துவாரத்துல தூக்கிப் போட்டா தன்னால சரியாப்பூடும். எங்க கத்திவாக்கத்துல எல்லாப் புள்ளையும் அப்டித்தான் நீச்சல் கத்துக்கினுச்சு."

சோதனை செய்யும் டெபோரா மகிழினியைத் தரையில் நிறுத்திக் கண்ணை மூடச் சொன்னாள். மகிழினி நின்றாள். தடித்த நுரை மெத்தையில் ஏற்றினாள். கண்ணைத் திறந்தபடி அதிலும் நின்றாள்.

"இப்ப கண்ண மூடு, கண்ணு."

மூடினாள். கையைக்கூட ஊன்றப் பார்க்காமல் அப்படியே பக்கவாட்டில் சரிந்தவளை டெபோரா தாங்கிப் பிடித்தாள்.

"வேணும்னே வுயுறா."

"நீங்க ஏறுங்கண்ணா."

கோதண்டம் ஏறிக் கண்ணை மூடினான். காலடியில் மெத்தை அலைபோல் அமுங்கியது. அவன் அசையவில்லை. மகிழினி கைதட்டினாள்.

டெபோரா அவனை உட்காரவைத்துச் சொன்னாள். நம்மை நிமிர்த்தி வைப்பவை கண், கால், உள்காது. கேட்கிற பாகமும் தலையின் அசைவை உணர்கிற வளையங்களும் ஒரே எலும்புக்குள் அடுத்தடுத்து இருக்கின்றன. தலை திரும்பினால் வளையத்துக்குள் நீர் அசைந்து மூளைக்குச் சொல்லும். காய்ச்சல் இரண்டையும் சேர்த்தே அழித்துவிட்டது.

"மெத்தை காலை ஏமாத்திடும். கண்ணையும் மூடினா, உங்களுக்கு உள்காது இருக்கு. அவளுக்கு அதுவும் இல்ல."

"தண்ணிலயும் அப்டியா?"

"கால் ஊனத் தரை இருக்காது. கலங்கல்ல கண்ணும் தெரியாது. மேல வர்றோம்னு நெனச்சு இன்னும் கீழ போவா."

மூழ்கினால் தன் கையே தெரியாத முகத்துவாரத்தின் கறுப்புத் தண்ணீரை நினைத்துப் பார்த்தான் கோதண்டம். அதற்குள் எத்தனையோ முறை முங்கியிருக்கிறான். மேல் எது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

"அப்போ நீச்சலே வேணாமா?"

"தெளிஞ்ச தண்ணி, நல்ல வெளிச்சம், மிதப்புச் சட்டை, கைக்கு எட்டுற தூரத்துல நீங்க. அப்படின்னா கத்துக்கட்டும். கலங்கல்ல முங்குறது மட்டும் எப்பவுமே வேணாம்."

வெளியே வந்து தம்பி வல்லரசுவுக்குப் போன் போட்டான்.

"ஞாயித்துக்கெயம வேணாம்டா."

"இன்னாண்ணா, உன் பொண்ணு பயந்துகிச்சா?"

"அவ இல்லடா. நான்தான் பயந்துட்டேன்."

வல்லரசு சிரித்தான். அவன் சிரித்து ஓயும்வரை பொறுத்திருந்து, கோதண்டம் மறுபடியும் அதையே சொன்னான்.