ஆந்தை கேட்டுப் பழகிய குரல்

காட்டில் விடுவதற்காகக் கூண்டைத் திறந்ததும் ஆந்தை மரத்துக்குப் போகவில்லை. சாயங்கால வெளிச்சத்தில் ஒரு அரைவட்டம் அடித்துவிட்டு, கூண்டு கழுவுகிறவரின் தொப்பி மேல் வந்து ஜம்மென்று உட்கார்ந்துகொண்டது. வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் கைதட்டத் தூக்கிய கைகள் அப்படியே நின்றன. மனுஷனைத் தேடி வரும் பறவைக்குக் காட்டில் பிழைப்பேது? யாராவது கல்லெடுத்தால் அவனிடமும் இப்படித்தான் போய் நிற்கும்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! மூஞ்சியக் காட்டிப் பேசினது யாரு? நீங்கதானேண்ணே?" காப்பகத்து டாக்டரம்மா கத்தினாள்.

"நானாத்தான் இருக்கும்மா. இந்த வாய் சும்மா இருக்காதே," என்று மென்று முழுங்கினார் அவர்.

கூட்டத்தின் பின்னால் நின்ற பெண்ணுக்குக் காது வரை சுட்டது. வகுப்புத் தோழியின் நெற்றியைத் தண்ணீர் பாட்டிலால் பிளந்தவள் அவள். சீட்டைக் கிழித்து வீட்டுக்கு அனுப்பாமல் பள்ளிக்கூடம் அவளை இந்த விலங்குக் காப்பகத்துக்கு உதவிக்கு அனுப்பியது. அன்றிலிருந்து வீட்டில் வாயே திறக்கவில்லை. அம்மா கெஞ்சினாள், கொஞ்சினாள், ஊஹூம். இங்கேதான் இறக்கை ஒடிந்த இந்தக் குஞ்சு அவள் பொறுப்பில் வந்தது. முகத்தைத் துணியால் மூடி, சத்தமில்லாமல் இரை கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பறவைக்கு மனுஷபயம் போய்விடும். அவளோ துணியைக் கழற்றிவிட்டுக் குஞ்சிடம் பேசினாள். அப்படிப் பேசினாள்! அதன்பிறகு ராத்திரி தூக்கம் வந்தது, சோறு இறங்கியது. அம்மா டாக்டரம்மாவைத் தலைமேல் வைத்துக் கொண்டாடினாள்.

பேசாமல் இருந்தால் பழி தொப்பிக்காரரோடு போய்விடும். அந்த நினைப்பு வந்ததற்கே அவளுக்குக் கூசியது.

"நான்தான்."

குரல் கேட்டதுமே ஆந்தை கழுத்தைத் திருப்பியது. தொப்பியை விட்டு எழும்பி அவள் தோளுக்கு வந்தது. அதற்குமேல் சாட்சி எதற்கு?

பக்கத்தில் நின்ற அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. அதுகிட்ட என்னடி பேசினே?"

"அடிச்சேன்ல, அவகிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு... சொல்லிச் சொல்லிப் பாத்தேன். உங்கிட்டயும் கேக்கத்தான்மா."

அம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பயம் திரும்பி வந்தாத்தான் வெளிய விட முடியும்," என்றாள் டாக்டரம்மா, குரலைத் தணித்து. "இல்லேன்னா ஆயுசுக்கும் கூண்டுதான். யார் பழக்கினாங்களோ அவங்களே விரட்டணும்."

மறுநாள் தகரத் தட்டும் கரண்டியுமாக அவள் பெரிய கூண்டுக்குள் போனாள். ஆந்தை தத்தித் தத்தி அவளை நோக்கி வந்தது. ஓங்கித் தட்டினாள். பதறிப்போய்ச் சுவரில் மோதி விழுந்து எழுந்தது.

"போ! எங்கிட்ட வராதே, போ!"

அவள் பேசுகிறாள் என்றதும் அது தலையைச் சாய்த்து, மறுபடி ஒரு காலை முன்னால் எடுத்து வைத்தது. அவள் உதட்டை இறுகக் கடித்துக்கொண்டு கரண்டியை ஓங்கினாள்.