பீச்சாங்கைக் கிடார்

கிடாரைத் தூக்கி மாடிப்படியில் உருட்டிவிட்டால் என்ன என்றிருந்தது தனப்பிரியாவுக்கு.

நாமக்கல்லில் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது அந்த வகுப்பு. கீழே லாரிக்காரர்கள் டயரைத் தட்டித் தட்டிப் பார்க்கிற சத்தம் ஓயாமல் கேட்கும். தட்டுகிறவர்களுக்குக்கூட ஒரு தாளம் இருந்தது, இவள் வலது கைக்குத்தான் இல்லை. மேலிருந்து கீழே ஒரு வீச்சு, கீழிருந்து மேலே ஒரு வீச்சு, அவ்வளவுதான் பாடம். கூடச் சேர்ந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதைத் தாண்டிப் பாட்டுக்கே போய்விட்டார்கள். முப்பதைத் தாண்டிய இவள் இன்னும் ஒட்டடை அடிக்கிறவள் மாதிரி கம்பியை வருடிக்கொண்டிருந்தாள்.

"கம்பியெல்லாம் நல்லாத்தானுங்க்கா அழுத்திப் புடிக்கறீங்க. எடது கை சூப்பராப் போகுது. இந்தச் சோத்தாங்கைதான் ஏனோ தடுமாறுது" என்றான் மாஸ்டர் சித்தார்த். அவனுக்கு இவளைவிட வயது குறைவு.

"நான் பீச்சாங்கைக்காரி தம்பி. மாத்திப் புடிச்சு வாசிக்கலாமா?"

"ஐயோ, கிடார்ல அதெல்லாம் கிடையாதுங்க்கா. எல்லாரும் இப்படித்தான் புடிக்கறாங்க. பழகுனாச் சரியாயிரும்."

பழகினால் சரியாகிவிடுமாம். இதைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துப் போயிருந்தது. கிடாரை உறைக்குள் திணித்துக்கொண்டு பரமத்தி வேலூர் பஸ் ஏறினாள்.

ஜன்னலோரம் உட்கார்ந்து விரல் நுனிகளைப் பார்த்தாள். கம்பியை அழுத்தி அழுத்தி இடது கை விரல்களில் தோல் தடித்துவிட்டது. எவ்வளவு வேலை கொடுத்தாலும் முகம் சுளிக்காத கை. சின்ன வயதில் அதைத்தான் அம்மா ஒரு துண்டால் இடுப்போடு சேர்த்துக் கட்டிவைத்தாள். கட்டை அவிழ்த்த நேரத்தில் அதில் வேப்பெண்ணெய் தடவினாள், அந்தக் கையால் சோறு அள்ளினால் கசக்கட்டும் என்று. கசந்தது. சோறும் எழுத்தும் வலது கைக்கு மாறின. பல் தேய்ப்பது, கத்தி பிடிப்பது, கதவு திறப்பது எல்லாம் யாரும் பார்க்காதபோது இடது கையிலேயே நடந்தன.

அப்புறம் அந்தப் பெண் பார்க்கும் வைபவம். கூடம் நிறைய ஆட்கள். வெற்றிலைத் தட்டை நீட்டச் சொன்னார்கள். சொந்தக் கொடிக்காலில் காலையில் பறித்த வெற்றிலை, தொட்டால் ஈரம். பதற்றத்தில் தட்டை இடது கையால் நீட்டிவிட்டாள். மாப்பிள்ளையின் அம்மா தட்டை வாங்காமல் கையையே பார்த்தாள். காப்பிகூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். பெண் பீச்சாங்கை, அதுவும் முதல் வெற்றிலையையே அந்தக் கையால் கொடுத்தது என்று தரகர் வாய் வழியாகச் சுற்றுவட்டாரம் முழுக்கப் பரவிவிட்டது. அதற்குப் பிறகு வந்த வரனெல்லாம் வாசலைத் தாண்டவில்லை. ஒரே ஒரு தட்டு! அந்த வீட்டுப் பையன் எந்தக் கையால் சிகரெட் பிடிக்கிறான் என்று எவராவது கேட்டார்களா? நினைக்க நினைக்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கிடாரின் ஆறு கம்பிகளையும் கழற்றினாள். யூடியூபில் ஒருவன் செய்துகாட்டியதைப் பார்த்து, எல்லாவற்றையும் தலைகீழ் வரிசையில் மாற்றிக் கட்டினாள். கழுத்தின் உச்சியில் கம்பி உட்காரும் பள்ளம் தடித்த கம்பிக்குப் போதவில்லை. நகம் தேய்க்கும் அரத்தால் ராவினாள். மெல்லிய கம்பி அகலப் பள்ளத்தில் லேசாக ஆடியது, ஆடிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள். கிடாரைத் திருப்பி மடியில் வைத்து இடது கையால் ஒரு வீச்சு வீசினாள்.

கை தானாகத் திரும்பி மேலே வந்தது. மறுபடி கீழே, மறுபடி மேலே. தாளம் எங்கேயும் தப்பவில்லை. சந்தோஷமாக இருந்தது. அதைவிடக் கோபமாக இருந்தது. இவ்வளவு தெரிந்த கையையா கட்டிப்போட்டார்கள்? இனி கம்பி அழுத்துவதற்கு வலது கை விரல்கள் முதலிலிருந்து பழக வேண்டும், மறுபடி தோல் உரிய வேண்டும். உரிந்தால் உரியட்டும்.

அடுத்த வகுப்பில் சித்தார்த் தலையில் கை வைத்துக்கொண்டான். "இதுல நான் எப்படிங்க்கா சொல்லித் தாரது?"

"எதிர்ல வந்து உக்காருங்க தம்பி. கண்ணாடி பாத்துத் தல சீவற மாதிரி நான் பாத்துக்கறேன்."

அவன் எதிரே உட்கார்ந்தான். பாடம் நடந்தது.

அம்மா சென்னியம்மாளுக்கு விஷயம் தெரியவந்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். மறுநாள் நாமகிரிப்பேட்டையிலிருந்து பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். சென்னியம்மாள் காலையிலிருந்து பலகாரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எந்தக் கைவேலையும் சட்டென்று வராது. வாழைப்பூ ஆய ஒரு பொழுது, பூத்தொடுக்க ஒரு பொழுது. முறுக்குப் பிழிந்தால் சுற்று கோணிக்கொண்டு போகும். "இவளுக்குக் கையி ரெண்டும் களிமண்ணு" என்று அப்பா வெள்ளியங்கிரி வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். கொடிக்காலில் வெற்றிலை அடுக்குகிற பெண்களும் சிரிப்பார்கள். சென்னியம்மாளும் கூடச் சேர்ந்து சிரித்துவைப்பாள்.

கிடார் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"தனா, என்ன கண்ணு இது, அந்தக் கையில? அதக் கொண்டுபோய்ப் பரண்ல போடு. நாளைக்கு ஒறம்பரை வாராங்க."

"கிடார் வாசிக்கறது தப்பாம்மா?"

"வாசிக்கறது தப்புன்னு ஆரு சொன்னா? அந்தப் பையன் ஆசப்பட்டு வாசிக்கச் சொன்னா என்ன பண்ணுவ? இந்தக் கையிலயா வாசிச்சுக் காட்டுவ?"

"இந்தக் கையிலதான்."

"மறுக்காவும் எந்திரிச்சுப் போகோணுமா? ஒருக்காப் பட்டது பத்தாதா?"

"பட்டது நானு!" தனப்பிரியா கத்தினாள். "கையக் கட்டிப் போட்டது நீ. வேப்பெண்ண தடவுனது நீ. எம் பொழப்பக் கெடுத்தது இந்தக் கையில்ல, நீதான்!"

கத்திவிட்டு வேண்டுமென்றே கம்பியை ஓங்கி அடித்தாள். சென்னியம்மாள் கட்டிலருகே வந்து உட்கார்ந்து கிடாரைப் பிடுங்கப் பார்த்தாள். "இந்தா, நீயே கொண்டுபோய்ப் போடு!" என்று தனப்பிரியா அதை ஒரு தள்ளுத் தள்ளினாள். கட்டில் விளிம்பில் வழுக்கிக் கிடார் சிமெண்டுத் தரையை நோக்கிச் சரிந்தது.

விழவில்லை. சென்னியம்மாளின் இடது கை பாய்ந்து போய் அதன் கழுத்தைப் பிடித்திருந்தது.

வலது கை சும்மாதான் இருந்தது. கிடார் சரிந்த பக்கத்தில்தான் அது இருந்தது. களிமண் கை என்று ஊரே சிரித்த அம்மாவிடம் இப்படி ஒரு வேகத்தைத் தனப்பிரியா பார்த்ததே இல்லை. கழுத்தைப் பிடித்த அந்தப் புறங்கையில் பழைய தழும்பு ஒன்று உண்டு. வெல்லம் காய்ச்சும்போது பாகு தெறித்தது என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

"ஏம்மா, நீயுமா?"

சென்னியம்மாள் கையைப் பின்னால் இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். கிடார் இருந்ததால் முடியவில்லை.

"இது பாகு தெறிச்சதுன்னு சொன்னியே?"

"பாகெல்லாம் இல்ல. கரண்டியப் பழுக்கக் காச்சி வெச்சாங்க. எங்கம்மா புடிச்சுக்கிச்சு, எங்கப்பன் வெச்சாரு." வலது கையால் தழும்பை மூடிக்கொண்டாள். "உனக்கு நான் வேப்பெண்ணதான் சாமி தடவுனேன்."

அம்மாவை மேலும் திட்டத் தனப்பிரியாவுக்கு மனம் வரவில்லை. ஆனால் கோபம் தணியவில்லை, இன்னும் ஏறியது. கோணிப் போன முறுக்கு, ஒரு பொழுது பிடிக்கும் வாழைப்பூ, களிமண் என்று சொல்லிச் சிரித்த அப்பா, கூடச் சிரித்த அம்மா. அப்பா சொல்லும்போது இவளும் எத்தனையோ முறை சிரித்திருக்கிறாள்.

கிடாரை எடுத்து, கழுத்து வலது பக்கம் வருகிற மாதிரி அம்மாவின் மடியில் வைத்தாள்.

"அடிம்மா."

"எனக்கென்ன கண்ணு தெரியும்?"

"ஒண்ணும் தெரிய வேண்டாம். மேல இருந்து கீழ. அந்தக் கையில."

சென்னியம்மாள் வாசல் பக்கம் பார்த்தாள். பிறகு கையைக் கம்பிமேல் போட்டாள். யாரும் அழுத்திப் பிடிக்காத கம்பி ஆறும் ஒன்றாக அலறின. மறுபடி அடித்தாள். அதற்கடுத்த அடியில் கை தானாகத் திரும்பி மேலே வந்தது. சென்னியம்மாள் சிரிக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, கீழே மேலே என்று அடித்துக்கொண்டே இருந்தாள். பாட்டு என்று யாரும் சொல்ல முடியாத இரைச்சல் அது. தாளம் மட்டும் தப்பவில்லை.

வெளியே வெள்ளியங்கிரியின் வண்டிச் சத்தம் கேட்டது. செருப்பைக் கழற்றிக்கொண்டே கத்தினார். "ஏ தனா! நாளைக்கு ஆளு வார ஊட்டுல என்ன எழவு சத்தம் இது? நிறுத்தித் தொலை!"

தனப்பிரியா எழுந்தாள். அதற்குள் சென்னியம்மாள் குரல் கொடுத்துவிட்டாள்.

"தனா இல்லீங்க. நாந்தானுங்க."

வெள்ளியங்கிரி நிலைப்படியில் வந்து நின்றார். மனைவியின் மடியைப் பார்த்தார், கையைப் பார்த்தார். "என்னடி இது, பீச்சாங்கையில?"

"ஆமாங்க" என்றாள் சென்னியம்மாள். கை நிற்கவில்லை. "நாளைக்கு வாரவங்களும் பாக்கட்டும்."