சிமெண்டுப் பிள்ளை

பள்ளிக்கூடத்தில் எது காணாமல் போனாலும் முதலில் துடைப்பம் பிடிக்கிறவளின் பையைத்தான் தேடுவார்கள். இது எழுதி வைத்த சட்டம் இல்லை. எழுதி வைக்காததால்தான் யாரும் அழிக்கவும் இல்லை.

மாடம்மாளுக்கு இது ஓணத்துக்கு முந்தின வாரமே தெரிந்துபோயிற்று. கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் கூட்டித் துடைக்கும் வேலைக்குச் சேர்ந்து அப்போது மூன்று மாசம். புரொஜக்டர் ரிமோட்டைக் காணோம் என்று ரத்னாபாய் டீச்சர் கூப்பாடு போட, மாடம்மாளின் பையைக் கவிழ்த்தார்கள். சோற்று டப்பாவையும் திறந்தார்கள். ரிமோட்டை எவளாவது புளிக்குழம்பில் முக்கி வீட்டுக்குக் கொண்டுபோவாளா? மறுநாள் அது டீச்சரின் சொந்தக் கைப்பையில் குடைக்கு அடியில் கிடந்தது. "அட, இங்கதான் இருந்திருக்கு!" என்று டீச்சர் தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். விஷயம் அதோடு முடிந்தது. மாடம்மாளுக்கு மட்டும் முடியவில்லை.

இப்போது டிசம்பர். வெள்ளிக்கிழமை கிறிஸ்துமஸ் விழா, அதோடு லீவு. திங்கள் காலையில் ரத்னாபாய் டீச்சர் ஸ்டோர் ரூம் சாவியை அவள் கையில் போட்டார்.

"மாடம்மா, புல்கூட்டுச் சாமான் எல்லாம் பெரிய பெட்டியில இருக்கு. நல்லாத் தொடச்சு மேடையில அடுக்கி வை. எண்ணி எடு. ஒண்ணும் குறையக் கூடாது, கேட்டியா."

குடிலுக்கு இந்த மலையாளத்து ஊரில் புல்கூடு என்று பெயர். பெயரில் அவளுக்குப் பிரச்சினை இல்லை. 'ஒண்ணும் குறையக் கூடாது' என்றதில்தான் பிரச்சினை.

பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்தாள். மாதா, சூசையப்பர், மூன்று ராஜாக்கள், இடையர் இரண்டு, சிறகு வைத்த சம்மனசு ஒன்று, மாடு, கழுதை, ஆடு மூன்று. எல்லாம் இடுப்புயரத்துக்கு நல்ல கனமான சுரூபங்கள். கடைசியாக மரத்தொட்டில். அதில் வைக்கோல் இருந்தது. பிள்ளை இல்லை.

பெட்டியைக் கவிழ்த்தாள். பழைய பேப்பரை உதறினாள். ஒரு கரப்பான் ஓடியது. பிள்ளை இல்லை.

வேதக்கதை அவளுக்குத் தெரியாமல் இல்லை. கடையநல்லூர்ப் பக்கம் அவள் ஊரில் கிறிஸ்துமஸ் அன்றைக்குச் சாயங்காலம் கோயிலில் குடில் பார்க்கப் போவாள். போனால் ஒரு முறுக்காவது கிடைக்கும். அவள் பார்த்த குடிலில் எல்லாம் நட்டநடுவில் பிள்ளை கிடந்தது. தான் போனதெல்லாம் பண்டிகை பிறந்த பிறகுதான் என்பதும், அதற்கு முந்தின நாள்களில் தொட்டில் காலியாகத்தான் கிடக்கும் என்பதும் அவளுக்கு எப்படித் தெரியும்? முறுக்கு கொடுக்காத நாளில் யார் குடில் பார்க்கப் போவார்கள்?

அவளுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: சாவி என் கையில், பிள்ளையைக் காணோம். ஜனவரியில் அவளை வேலையில் நிரந்தரமாக்குவதா அனுப்புவதா என்று முடிவு செய்யப்போகிறார்கள். ரிமோட் போனதற்கே சோற்றுக்குள் தேடினார்கள். சாமியே போனால்?

"எந்தா சேச்சி, பேயடிச்ச மாதிரி நிக்கறீங்க?"

வாசலில் ஜிஜி. எல்கேஜி ஆயா. கிறிஸ்துமஸுக்கு இருபத்தைந்து நாள் நோன்பு பிடிக்கிறவள். டிசம்பர் பிறந்ததிலிருந்து மீனும் இறைச்சியும் தொடவில்லை. மீன் தொடாத ஜிஜி ஆளைக் கடிப்பாள்.

"ஒண்ணுமில்ல தாயி. தூசி."

"தூசியா? எனக்கு ஒரு மத்தி கண்டு பதினஞ்சு நாளாச்சு. ஸ்ரீவராகத்து பிராமணங்க எப்படித்தான் ஜீவிக்கறாங்களோ!"

ஜிஜியிடம் கேட்டிருந்தால் ஒரு வார்த்தையில் தெளிந்திருக்கும். ஆனால் ஜிஜியிடம் ஒன்று சொன்னால் அது மணி அடிப்பதற்குள் பிரின்சிபல் சிஸ்டரின் மேஜைக்குப் போய்விடும். மாடம்மாள் தொட்டிலின் நீள அகலத்தைச் சணலில் முடிச்சுப் போட்டு அளந்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

சாயங்காலம் ஆரியசாலைக் கடைத்தெருவில் இறங்கி நாலு கடை ஏறினாள். நாலு கடையிலும் ஒரே பதில். "செட்டாத்தான் தருவோம். பிள்ளையை மட்டும் தனியா தந்தா மீதிச் செட்டை நான் யார் தலையில கட்டுறது?" கடைசிக் கடைக்காரர் கொஞ்சம் இரக்கப்பட்டார். "மாடு வேணும்னா தனியா தாரேன்."

கரமனையில் ஆற்றோரம் ஒற்றை அறை வீடு. புருஷன் குற்றாலலிங்கம் கொத்தனார். கை கால் கழுவிவிட்டு, அன்றைக்குப் பூசின சுவரின் களைப்போடு உட்கார்ந்திருந்தான்.

"பிள்ளையக் காணோம்" என்றாள் உள்ளே நுழைந்ததும்.

அவன் பதறி எழுந்தான். ஒரே மகளைப் புளியங்குடியில் கட்டிக் கொடுத்திருக்கிறது. "எந்தப் பிள்ளைய?"

"யேசுபிள்ளைய."

"அத நான் எங்கன போயித் தேட?"

"தேடச் சொல்லல. செய்யச் சொல்லுதேன்."

குற்றாலலிங்கம் சணலை வாங்கி நீட்டிப் பார்த்தான். அவன் கட்டடம் கட்டுவான், கேட்டுத் தூணில் சிங்கமுகம் வைப்பான், கண்ணேறு படாமல் இருக்கப் பூதமுகம் செய்வான். பிள்ளை செய்ததில்லை. ஆனால் தெரியாது என்று சொல்லும் கொத்தனார் உலகத்தில் உண்டா?

"வெள்ளை சிமெண்டு மிச்சம் கிடக்கு. கம்பி கட்டி எடுத்திருவோம். ஆனா மூணு நாள் தண்ணி காட்டணும்ட்டி. இல்லேன்னா வெடிச்சிரும்."

கட்டுக்கம்பியை வளைத்து எலும்பு செய்தான். முட்டிக்கு முட்டி முடிச்சு. கரண்டியால் சதை வைத்தான். கை கால் எல்லாம் கொழுகொழுவென்று வந்தது. முகம் வைத்ததும் மாடம்மாள் வாயில் கை வைத்தாள்.

"பல்லு எதுக்கு?"

"பழக்கத்துல வந்துட்டு."

பல்லை வழித்தெடுத்தான். மீசையாக வரும்போல் இருந்த இடத்தைத் தேய்த்தான். கடைசியில் புருவம் கறுப்புச் சாயத்தில் கெட்டியாக அமைந்து, கண் முழித்து, உதடு இறுகி, பிள்ளை ஒரு தினுசாக அவளையே பார்த்தது.

"உங்கப்பா மாதிரிலா இருக்கு" என்றாள்.

"எங்கப்பாவும் ஒரு நாள் பிள்ளையா இருந்தவருதான்."

செவ்வாயும் புதனும் பிள்ளையை ஈரச்சாக்கில் சுற்றி, அவள் காலையிலும் மாலையிலும் தண்ணீர் தெளித்தாள். சொந்த மகளை அப்படிக் குளிப்பாட்டியதில்லை.

வியாழக்கிழமை காலையில் ஈரத்துண்டு சுற்றித் தோளில் சாய்த்துக்கொண்டு பஸ் ஏறினாள். எட்டு கிலோவுக்குக் குறையாது. ஏறின மாத்திரத்தில் கண்டக்டர் கை நீட்டினான், "அம்மையும் குழந்தையும்" என்று எழுதியிருந்த சீட்டைக் காட்டி. அங்கே உட்கார்ந்திருந்த பெண் எழுந்துகொண்டாள். வேண்டாம் என்றால் சந்தேகம் வரும். உட்கார்ந்தாள்.

பக்கத்துச் சீட்டில் கரமனை அக்கிரகாரத்து மாமி ஒருத்தி. கையில் பூக்கூடை.

"பேரனா?"

"ஆமா."

"துண்டு ஈரமா இருக்கே. ஜுரமா?"

"ஆமா."

"எத்தனை மாசம்?"

மாடம்மாளுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. கணக்கை உள்ளபடிக்குச் சொன்னாள். "மூணு நாளு."

"மூணு நாளா! அடி அசடே, மூணு நாள் குழந்தையை ஜுரத்தோட பஸ்ஸிலயா தூக்கிண்டு வருவா? பெத்தவ எங்கே?"

"பெத்தது... அவரு வேலைக்குப் போயிருக்காரு."

மாமி விழித்தாள். பதில் அவளுக்குச் சரிப்படவில்லை. கையை நீட்டித் துண்டுக்கு வெளியே தெரிந்த பாதத்தைத் தொட்டாள். தொட்ட கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"ஐயோ! ஜில்லுனு ஆயிடுத்தே! கண்டக்டர், வண்டியை ஆஸ்பத்திரிக்கு விடு!"

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மாடம்மாள் எழுந்தாள். எழுந்த வேகத்தில் பிள்ளையின் தலை ஜன்னல் கம்பியில் மோதி 'டங்' என்றது. அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். அவர்கள் திறப்பதற்குள், பதறி நின்ற பஸ்ஸிலிருந்து அவள் இறங்கிவிட்டாள். மீதி இரண்டு ஸ்டாப் நடைதான்.

பள்ளிக்கூட மேடையில் திரை போட்டிருந்தது நல்லதாய்ப் போயிற்று. திரைக்குப் பின்னால் புகுந்து பிள்ளையைத் தொட்டிலில் கிடத்தினாள். தொட்டில் முனகியது. 'ஆடாம இருக்க அடியில கொஞ்சம் பூசிரு' என்று குற்றாலலிங்கம் பொட்டலத்தில் தந்துவிட்ட சிமெண்டைக் குழைத்துப் பிள்ளைக்கும் தொட்டிலுக்கும் அடியில் அப்பினாள். கழுத்துவரைக்கும் வைக்கோலால் மூடினாள். முகம் மட்டும் தெரிந்தது. மாதாவின் முகத்தை அவள் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை. மைதானத்தில் அறுநூறு பிள்ளைகள். மேடை ஓரம் பச்சை இலை வளையத்தில் ஊதா நிறத்தில் மூன்றும் ரோஸ் நிறத்தில் ஒன்றுமாக மெழுகுவர்த்தி. பண்டிகைக்கு முந்தின நாலு வாரமும் வாரத்துக்கு ஒன்றாக ஏற்றுவது, மூன்றாவதான ரோஸ் வரைக்கும் வந்திருந்தது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பாட்டைத் தொடங்கினார்கள். மாடம்மாள் கடைசி வரிசைக்குப் பின்னால், கையில் துடைப்பத்தோடு நின்றாள். திரை திறந்தால் தொட்டிலில் பிள்ளை இருக்கும், எண்ணிக்கை சரியாகிவிடும், தப்பித்தேன் என்று கணக்குப் போட்டாள்.

அப்போதுதான் அவள் பார்த்தாள். சாப்பல் வாசலிலிருந்து பிரின்சிபல் சிஸ்டர் வருகிறார். முன்னே வெள்ளை உடுத்திய எட்டுச் சிறுமிகள். சிஸ்டரின் கையில் சிவப்பு வெல்வெட் தலையணை. தலையணையில் ரோஜா நிறத்தில் சிரித்துக்கொண்டு ஒரு பிள்ளை.

"அது எங்கன இருந்து வருது?" என்றாள் பக்கத்தில் நின்ற ஜிஜியிடம்.

"சிஸ்டர் அலமாரியில பூட்டி வச்சிருப்பாங்க சேச்சி. பெருநாள்வரைக்கும் காத்திருக்கணுமே? நமக்கு நாளைக்கு லீவ், அதான் இன்னிக்கே வைக்கறாங்க. எல்லா வருஷமும் இப்படித்தான்."

திரை திறந்தது.

முன்வரிசையில் எல்கேஜிப் பையன் ஒருவன் முதலில் கண்டான். "பிறந்துபோச்சு!" என்று கத்தினான். பக்கத்துப் பெண் தலையணையையும் தொட்டிலையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "ட்வின்ஸ்!" என்றாள். அறுநூறு வாய் அதைப் பிடித்துக்கொண்டது. ட்வின்ஸ், ட்வின்ஸ். பாட்டு நின்றது. சிஸ்டர் படியில் ஒரு காலும் மேடையில் ஒரு காலுமாக நின்றார்.

கையில் மைக்கோடு ரத்னாபாய் டீச்சர் பாய்ந்தார். "யாரு இந்தக் கோமாளித்தனம் பண்ணது?" ஒரு கையால் பிள்ளையைத் தூக்கப் பார்த்தார். அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். தொட்டில் வந்தது, தொட்டிலோடு பலகையும் வந்தது, பலகையோடு ஒரு ஆடு சாய்ந்தது. பிள்ளை மட்டும் கண்ணை முழித்துக்கொண்டு, புருவத்தை நெறித்துக்கொண்டு கிடந்தது.

"ஜிஜி, நீயா? எல்கேஜிக்காரங்க வேலையா இது?"

"எண்ட மாதாவே, நானில்ல! நோன்புக்காரி நான்!"

மாடம்மாள் யோசித்தாள். வாயை மூடிக்கொண்டால் ஜனவரி வரைக்கும் ஓட்டிவிடலாம். ஆனால் இன்னொருத்தியின் பை திறக்கப்படப்போகிறது. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நடந்தாள். அந்த மைதானம் அன்றைக்குப் போல நீளமாக என்றும் இருந்ததில்லை.

"நான்தான் வச்சேன் சிஸ்டர். எங்க வீட்டுக்காரரு செஞ்சது. பெட்டியில பிள்ளையக் காணோம்னு..."

சிஸ்டருக்குச் சிரிப்பு முட்டியது தெரிந்தது. அடக்கிக்கொண்டு கேட்டார். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, மாடம்மா?"

"கேட்டா மொதல்ல பையத் தொறக்கச் சொல்லுவிய. அப்பொறம் சோத்து டப்பாவ."

அவள் மெதுவாகத்தான் சொன்னாள். டீச்சர் கையிலிருந்த மைக் அணையவில்லை. மைதானத்தின் நாலு மூலையிலும் ஸ்பீக்கர் அதைச் சொன்னது.

ட்வின்ஸ் என்ற சத்தம் அடங்கிப்போயிற்று. ரத்னாபாய் டீச்சர் சாய்ந்த ஆட்டை நிமிர்த்தினார். அது நேராக நின்ற பிறகும் நிமிர்த்திக்கொண்டே இருந்தார்.

சிஸ்டர் மேடைக்கு ஏறினார். சிமெண்டுப் பிள்ளையை உற்றுப் பார்த்தார். பிள்ளையும் விடாமல் பார்த்தது. தன் கையிலிருந்ததை அதன் பக்கத்தில் வைக்கோலில் கிடத்தினார்.

"மாதாவுக்கு ரெண்டு கை உண்டே" என்றார். "பாடுங்க பிள்ளைகளே."

பாடினார்கள்.

எல்லாம் முடிந்து மாடம்மாள் ஸ்டோர் ரூம் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது சிஸ்டர் கையை நீட்டவில்லை. "உன்கிட்டயே இருக்கட்டும். ஜனவரியிலயும் வேண்டிவரும் இல்லையா?" என்றார். மாடம்மாள் சாவியை முந்தானையில் முடிந்து, முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துக்கொண்டாள்.

கேட்டைத் தாண்டப்போகும்போது பின்னால் செருப்புச் சத்தம். ரத்னாபாய் டீச்சர். கையில் ஒரு கேக் பெட்டி.

"மாடம்மா... பையைக் கொண்டா." சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று உறைத்திருக்கும், டீச்சருக்குக் காது சிவந்தது. "கேக்கு. வைக்கத்தான்."

மாடம்மாள் பையை இரண்டு கையாலும் அகலத் திறந்தாள். சோற்று டப்பாவையும் திறந்து காட்டினாள்.

"நல்லாப் பாத்துக்கிடுங்க டீச்சர். உள்ள வேற ஒண்ணும் கிடையாது. கேக்கு நீங்க வச்சது. நாளைக்குக் கேக்கக் காணோம்னு தேடக் கூடாது பாத்துக்கிடுங்க."

டீச்சர் தானே கேக்கை உள்ளே வைத்தார். வைத்துவிட்டு, தன் கைப்பையில் குடைக்கு அடியில் கிடந்த இரண்டு சாக்லேட்டையும் தேடி எடுத்துப் போட்டார்.

வீட்டில் குற்றாலலிங்கம் கேக்கைப் பாதி முடித்துவிட்டுத்தான் கேட்டான். "பிள்ளை எப்படி நின்னுச்சு?"

"டீச்சரு ரெண்டு கையாலயும் இழுத்தா. அசையல. லீவு முடிஞ்சதும் உளியோட உங்கள வரச் சொல்லுதாங்க."

அவன் மெல்லுவதை நிறுத்தினான். "இடிக்கதுக்கா முட்டிக்கு முட்டி கம்பி கட்டுனேன்? அது அங்கனதான் கிடக்கும். அடுத்த வருசம் நெசப்பிள்ளை வாறவரைக்கும் எடம் பிடிச்சு வைக்கட்டும்."