பேசாத கோடு

"அந்தக் கோட்டுல கை வைக்காதேன்னு எத்தனை தடவை..."

"வைக்காம எப்படிக்கா? கோடு போடுற அந்தப் பழைய டேக்கே இப்ப செல்லாது. துறைமுக ஆபீஸ் சோதனையில..."

"செல்லாட்டி போகட்டும். நான் எழுதின பக்கத்துல இருந்துட்டுப் போகுது."

தம்பி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தான். காலையிலிருந்து அந்த இணையப் பக்கத்தில் அவன் எதை மாற்றினாலும் அக்கா வாய் திறக்கவில்லை. பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் பெட்டி என்று வீடு காலி செய்கிறவர்கள் மாதிரி அடுக்கி வைத்திருக்கிறாளே என்று கேலி செய்தபோது சிரிக்கக்கூடச் செய்தாள்.

ஒன்பது வருடங்களுக்கு முன், படகு கவிழ்ந்த வாரத்தில், பழைய கணினிப் புத்தகம் ஒன்றைப் பார்த்து அவளே எழுதிய இணையப் பக்கம். காணாமல் போன முப்பத்தொரு பேரின் பட்டியல். உடல் அடையாளம் தெரிந்தால் பெயரின் குறுக்கே ஒரு கோடு. நாளையோடு பழைய சர்வர் நின்றுவிடும். துறைமுக அலுவலகம் பக்கத்தை ஏற்றுக்கொள்ளும். ஆனால் பார்வையில்லாதவர்களுக்காக, கண்ணுக்குத் தெரிவது காதுக்கும் கேட்க வேண்டும் என்பது அங்கே விதி.

புரியட்டும் என்று பழைய பக்கத்தைக் கணினி உரக்கப் படிக்கும்படி விட்டான். கோடு போட்டிருந்த பதினேழாவது பெயரை அது மற்றப் பெயர்களைப் போலவே சொல்லிக் கடந்தது. புதியதில் அதே பெயருக்குப் பின், "அடையாளம் காணப்பட்டார்" என்றது. அக்கா ஒலியை அணைத்தாள்.

அந்தப் பெயருக்குரிய பையனின் அம்மாவுக்குப் பார்வை கிடையாது. தினமும் காலையில் கைபேசி இந்தப் பக்கத்தைப் படிக்கக் கேட்கிறவர். அம்மா தாங்கமாட்டாள், சொல்லாதீர்கள் என்று மூத்த மகன், உடல் அடையாளம் தெரிந்த அன்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டானாம். கோட்டைக் கைபேசி படிக்காது என்பது தெரிந்தே அவள் கோடு போட்டாள். பொய் சொன்னதாகவும் ஆகவில்லை, உண்மையைச் சொன்னதாகவும் ஆகவில்லை.

தம்பி மறுபடி விசைப்பலகையை இழுத்துக்கொண்டான். பிறகு, அப்படியானால் கோட்டை எடுத்துவிடுகிறேன், வெறும் பெயராக இருக்கட்டும், சோதனையில் அதற்குத் தடையில்லை என்றான்.

"ஒரு பேரு பொய்யா நின்னா, இன்னும் காத்துக்கிட்டு இருக்கிறவங்க மத்தப் பேரை எப்படிடா நம்புவாங்க?"

அக்கா கைபேசியை எடுத்து அந்த அம்மாவின் எண்ணைத் தேடினாள். நாளைக்குக் காலையில் மெஷின் வாயால் அவர் இதைக் கேட்கக்கூடாது என்று மட்டும் சொன்னாள்.

இரண்டாவது மணியிலேயே அந்தம்மா எடுத்தார். அக்காவின் முட்டிவலி தேவலையா என்று விசாரித்தார். இன்றும் பெயரைக் கேட்டுவிட்டுத்தான் காபி குடித்தேன் என்றார். அக்கா எழுந்து நின்றாள்.

"அம்மா, அந்தப் பேரு மேல ஒன்பது வருஷமா ஒரு கோடு இருக்கு. உங்க ஃபோன் அதைப் படிக்காது."